மெயின் ஸ்விட்ச்சை இறக்கிய கதை

ஆத்திரத்தில் நான் எடுத்த முடிவு ஒன்றுகூட உருப்பட்டதில்லை. அதற்காக ஆத்திரப்படுவதை விட்டுவிட்டேனா என்றால், இல்லை. இதை எழுதும்போதுகூட எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு இன்ஜினீயராக இருந்தேன். ஷிப்ட் முடிந்ததும் கிரீஸ் கையோடு தி.நகருக்கு ஓடுவேன். ஜவுளிக்கடை மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு. நாற்பது பேருக்கு நான்கு கம்ப்யூட்டர். மற்றவர்களுக்கு வாத்தியார் கரும்பலகையில் கீபோர்டை வரைந்து காட்டுவார். (நாங்கள் ஃபீஸை வரைந்து காட்டியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பாரா?)

ஆழ்வார்பேட்டையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி தேர்வுக்கு அழைத்தது. ஒரு நாள் லீவு கேட்டேன். எங்கள் மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

"ஸ்பேனர் புடிச்ச கைக்கு சாஃப்ட்வேர் கேக்குதோ?"

அவ்வளவுதான். அங்கேயே ராஜினாமா எழுதி அவர் மேஜையில் எறிந்துவிட்டு வந்தேன். சாந்தோம் வீட்டில் இதை வீரமாகச் சொன்னபோது, நான்கு மாதக் கர்ப்பிணியான என் மனைவி ஸ்டெல்லா, வேலை கிடைத்த பிறகு எழுதியிருக்கக் கூடாதா என்று மட்டும் கேட்டாள். கேட்டதில் நியாயம் இருந்ததால் இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

தேர்வன்று ஒரே ஹாலில் பத்துப் பேர். சம்பளப் பட்டியல் அச்சடிக்கும் புரோகிராம் எழுத வேண்டும். இரண்டு மணி நேரம். பத்து நிமிஷம் மிச்சம் வைத்து நான்தான் முதலில் முடித்தேன். ஓட்டிப் பார்த்தேன். மூலையிலிருந்த பெரிய பிரிண்டர் அலற ஆரம்பித்தது. ஒரு பக்கம் வர வேண்டிய பட்டியலில் முதல் பெயரே திரும்பத் திரும்ப அச்சாகி, காகிதம் தரையெல்லாம் கொட்டியது. எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியாது. வாத்தியார் அதை வரைந்து காட்டவில்லை, பாவி.

தொழிற்சாலையில் எந்திரம் கைமீறிப் போனால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. முதலில் மெயினை இறக்கு, பேச்செல்லாம் பிறகு. கால் தானாக ஓடியது. கதவோரம் இருந்த மெயின் ஸ்விட்ச்சை இறக்கினேன். ஏ.சி. நின்றது, பிரிண்டர் நிற்கவில்லை. யு.பி.எஸ். பேட்டரி! (என்னிடமா?) அதையும் தேடிப் பிடித்து அணைத்தேன். எல்லாத் திரைகளும் கறுத்தன. யாருக்கும் அடிபடவில்லையே என்று ஹாலைச் சுற்றிப் பார்த்தேன். ஆமாம், பாராட்டை எதிர்பார்த்துத்தான்.

மற்ற ஒன்பது பேரில் ஒருவர்கூட எழுதியதைச் சேவ் செய்திருக்கவில்லை. வடபழனிக்காரர் ஒருவர் எழுந்து என்னிடம் வந்தார்.

"இன்னா நைனா, உன்னுது நிக்கலேன்னா எங்களுது எல்லாத்தையும் நிறுத்திடுவியா?"

தேர்வு நடத்தியவர் என்னைவிடச் சின்னவர். ரொம்ப அமைதியாக, "ரெண்டு கீயை அழுத்தியிருந்தா நின்னிருக்கும் சார்" என்றார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அவரோ 'சார்' என்று மரியாதை கொடுத்துவிட்டார். இருந்தாலும் பாதுகாப்பு விதிகளைப் பற்றி அவருக்கு ஐந்து நிமிஷம் பாடம் எடுத்துவிட்டுத்தான் வெளியேறினேன்.

மறுநாள் மேனேஜர் முன்னால் போய் நின்றேன். என் ராஜினாமா அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில், வருகிறவர்கள் எல்லாம் படிக்கும்படி இருந்தது. 'தயவுசெய்து' என்பதை மூன்று முறை சொல்ல வைத்தார். பிறக்கப்போகும் குழந்தையை நினைத்துச் சொன்னேன்; வேலையைத் திருப்பிக் கொடுத்தார். அந்த ஆள்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. என்மேல் அதைவிட.

ஒரு வருஷம் கழித்து வேறொரு கம்பெனியில் சேர்ந்து, சாஃப்ட்வேரிலேயே ஓய்வும் பெற்றேன். வீட்டில் ஒருவருக்கும் அது நினைவில்லை. இப்போது மகளும் சாஃப்ட்வேர்தான், வீட்டிலிருந்தே வேலை. போன வாரம் பக்கத்து வீட்டில் டிரில்லிங் போட்டு உயிரை வாங்கினார்கள். பொறுக்க முடியாமல் நாற்காலியை விட்டு எழுந்தேன். வெறுமனே எழுந்தேன். சமையலறையிலிருந்து ஸ்டெல்லா மகளுக்குக் குரல் கொடுத்தாள்.

"அப்பா எழுந்துட்டாரு. சேவ் பண்ணிக்கோ."