பத்தாவது டிராக்டர்

என்ஜின் மேல் கையை வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"சூடா இருக்கே?"

"இருக்கும் சார்" என்றார் பண்ணைக்காரர்.

"ஏன் இருக்கணும்?"

"என்ஜினாச்சே சார்."

முப்பத்தோரு வருஷம் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவரிடம் சொல்லக்கூடிய பதிலா இது? கடை கடையாக ஏறித் தராசுத் தட்டின் அடியில் ஒட்டிய மெழுகு உருண்டைகளைப் பிடித்தவர் அவர். யாரையும் நம்பாமல் இருப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவர். பழைய டிராக்டர் பார்க்கப் போனால் என்ஜின் ஆறிக் கிடக்கும்போதுதான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும், போவதற்குள் சூடேற்றி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று தெரிந்த மெக்கானிக் ஒருவர் அவருக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

ஆய்வாளர் பார்க்கும் பத்தாவது டிராக்டர் இது. ஒன்று அவர் நிலத்து கேட்டை விட ஒரு சாண் அகலம். ஒன்றில் எண்ணெய் ஒழுகியது. இன்னொன்றில் முன்பக்க லோடரில் மண்ணை அள்ளித் தூக்கி நிறுத்திவிட்டு ஒரு டீ குடிப்பதற்குள், தூங்கி விழுகிற தலை மாதிரி வாளி தரைக்கு வந்துவிட்டது. மற்ற ஐந்திலும் குறை இருந்தது. குறை தெரியாத ஒன்றில், குறை தெரியவில்லை என்பதே சந்தேகமாக இருந்தது.

ஊருக்கு வெளியே மூன்று ஏக்கர் வாங்கி ஏழு மாதம் ஆகிறது. கிணறு தோண்டிய கல்லும் மண்ணும் வாசலை அடைத்துக்கொண்டு மலையாகக் கிடக்கின்றன. மழைக்கு முன் அள்ளாவிட்டால் நிலம் குளமாகிவிடும்.

ஆனால் அவருடைய கவலை குளம் இல்லை. குடியிருக்கும் வீடு மனைவி பார்த்தது. மாப்பிள்ளை மனைவி பார்த்தது. அவர் போட்டிருக்கும் சட்டையும் அப்படியே. அந்த மூன்று ஏக்கரைக்கூட, அவர் வேறொரு நிலத்தின் மூலைக்கல்லை அளந்துகொண்டிருந்த நேரத்தில் அவள் பேசி முடித்துவிட்டாள்.

"இந்த ஒண்ணையாவது நான் பார்த்து வாங்குறேனே" என்று மனைவியிடம் கெஞ்சினார்.

"தாராளமா வாங்குங்க. ஆனா மழைக்கு முன்னாடி. இல்லேன்னா என் தம்பிகிட்ட சொல்லிடுவேன்."

தம்பி வந்தால் அரை மணியில் வாங்கிவிடுவான். பிறகு ஆயுள் முழுக்க அதைச் சொல்லிச் சிரிப்பான். மச்சானிடம் மட்டும் தோற்கக்கூடாது என்று ஆய்வாளர் உறுதியாக இருந்தார். நல்லவேளையாக, சாப்பாட்டு மேஜையில் மடித்துக் கிடந்த செய்தித்தாளில் இந்த விளம்பரம் அவர் கண்ணில்தான் பட்டது. மனைவி அதைப் பார்க்கவே இல்லை.

முதல் நாள் சூட்டைப் பார்த்துவிட்டு வந்தவர், மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஒன்பது மணிக்கே போய் நின்றார். என்ஜின் சூடு.

"வெயில் சார்" என்றார் பண்ணைக்காரர்.

வண்டி கொட்டகைக்குள் நின்றது.

அடுத்த நாள் எட்டரைக்குப் போனார். இன்னும் சூடு. லோடர் வாளியில் ஈர மண் வேறு.

"இப்பதான் ஓட்டியிருக்கீங்க."

"நான் ஓட்டலை சார்."

"பின்னே இது எப்படி?"

"நாய் படுத்திருந்திருக்கும்."

ஆய்வாளருக்குள் தூங்கிக்கொண்டிருந்த அரசாங்கம் விழித்துக்கொண்டது. அன்று சாயங்காலமே நூலும் அரக்கும் பழைய முத்திரையுமாக வந்து, என்ஜின் மூடியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, நான்கு இடத்தில் அரக்கு வைத்து, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார். பண்ணைக்காரர் பொறுமையாக நெருப்புக்குச்சி கிழித்துக் கொடுத்தார்.

காலையில் நான்கு முத்திரையும் அப்படியே இருந்தன. கை வைத்தார். சுட்டது.

வண்டியை ஓட்டுவதற்கு மூடியைத் திறக்கவே வேண்டாம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தராசில் அப்படிக் கிடையாது.

"சாவியைக் கொடுங்க."

"எடுத்துக்கங்க சார்."

கேட்டவுடன் கொடுத்தது உதைத்தது. "வேற சாவி வச்சிருக்கீங்களா?"

"இருந்தது தொலைஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு சார்."

சாவியை வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜை இழுப்பறையில் வைத்தார்.

"என்னங்க சாவி அது?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்லே. ஆபீஸ் விஷயம்."

"ரிட்டையர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சே."

"பழைய ஆபீஸ் விஷயம்."

மறுநாள் மனைவி வழக்கம்போல் ஆறு மணிக்கு நடைப்பயிற்சிக்குப் போய் ஏழரைக்குத் திரும்பினாள். எட்டு மணிக்கு இழுப்பறையைத் திறந்தார். சாவி வைத்தபடியே இருந்தது. அதைச் சட்டைப்பைக்குள் போட்டு, வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார்.

என்ஜின் சூடாக இருந்தது.

"சாவி உங்ககிட்டதானே சார் இருந்தது?" என்றார் பண்ணைக்காரர்.

ஆய்வாளர் பக்கத்தில் கிடந்த கல் மேல் உட்கார்ந்துவிட்டார். சாவி இல்லாமல் சூடாகும் என்ஜினுக்கு எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு என்று அவருக்குத் தெரியவில்லை.

அன்று சாப்பாடு இறங்கவில்லை.

"முப்பத்தோரு வருஷம் ஊரையே சோதிச்சேன். ஒரு வண்டியைச் சோதிக்கத் தெரியலே. எனக்கு எதையும் பார்த்து வாங்குற யோக்கியதை இல்லையோ என்னவோ" என்றார். நிஜமாகவே கண் கலங்கிவிட்டது.

மனைவி அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினாள். "பிடிச்சிருந்தா வாங்கிட்டுப் போங்களேன். சூடா இருக்கா, ஆறிப்போச்சான்னு தொட்டுப் பார்த்தா உங்களை நான் கட்டிக்கிட்டேன்?"

சனிக்கிழமை காலை அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று அவள் வெளியூர் கிளம்பினாள். அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு, இதுதான் கடைசி என்று சொல்லிக்கொண்டு பண்ணைக்குப் போனார்.

கை வைத்தார். ஜில்லென்றிருந்தது.

இன்னொரு கையையும் வைத்தார். கன்னத்தைக்கூட வைத்துப் பார்த்தார்.

சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் கிளம்பியது. புகை இல்லை, இருமல் இல்லை. வாளி நிறையக் கல்லை அள்ளி, தலைக்கு மேல் தூக்கி நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு அளவுகோலுடன் அரை மணி நேரம் காவல் இருந்தார். வாளி ஒரு நூல்கூட இறங்கவில்லை.

"இதுதான்!" என்றார். "இதுதான் என் வண்டி! யார் துணையும் இல்லாம, என் வாழ்க்கையில முதல் தடவையா, நானே பார்த்து, நானே சோதிச்சு, நானே முடிவு பண்ணினது!"

"சந்தோஷம் சார்" என்றார் பண்ணைக்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஆய்வாளர் அங்கேயே நின்று மனைவிக்குப் போன் போட்டார்.

"முடிச்சிட்டேன்! நானே!"

"அப்படியா! நீங்க பார்த்தா சரியாத்தான் இருக்கும்" என்றாள் அவள்.

உன் தம்பியிடமும் சொல்லிவிடு என்று சொல்லி போனை வைத்தார். ஓட்டுநர் இருக்கையில் ஏறி, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். இருபது வயது குறைந்த மாதிரி இருந்தது.

பண்ணைக்காரரின் மனைவி டீ கொண்டுவந்தார். பின்னாலிருந்து புருஷன் இருமியதையும், மறுபடி பலமாக இருமியதையும் அந்த அம்மாள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டம்ளரை நீட்டி, அக்கறையாகக் கேட்டார்:

"பணம் கொடுத்து வண்டியை வாங்கின நாள்லேருந்து ஒருநாள் விடாம, விடிஞ்சதும் வந்து ஓட்டிப் பழகிட்டுப் போவாங்களே... ரெண்டு நாளா ஏன் சார் காணோம், உங்க வீட்டம்மாவை?"