பிரஷர் சித்தரின் மாத்திரை உண்டியல்

வாங்க கண்ணுகளா, அந்தப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இப்படிப் பக்கத்தில் நகர்ந்து உட்காருங்கள். சிரிக்க ஒரு கதை சொல்கிறேன். சிரித்து முடித்தபின் வயிறு எரிந்தால் அதுவும் நல்லதுதான்.

திருவொற்றியூரில், டயர் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் பிரஷர் சித்தர். போன வருஷம்வரை அவர் வெறும் சுப்புராஜ். வீடு வீடாகக் குடிதண்ணீர் மெஷின் விற்றுக்கொண்டிருந்தார். மெஷின் விற்கவில்லை. அருள் விற்றது! ரத்தக் கொதிப்பு பார்க்கும் மெஷின் ஒன்றை வாங்கி, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மேலே ஒரு சிலுவையும் பிறையும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எந்தச் சாமியின் பக்தனும் கைநழுவிப் போய்விடக் கூடாதல்லவா?

கூட்டமோ கூட்டம். காசிமேட்டு மீன்கூடை, வண்ணாரப்பேட்டை ஜவுளி மூட்டை, காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் டிரைலர், எல்லாமே அங்கே நின்று கும்பிட்டுத்தான் போயின. சித்தர் செய்தது இவ்வளவுதான். வந்தவரை நிற்கவைத்து, கையைத் தொங்கவிடச் சொல்லி மெஷினை அமுக்குவார். நூற்று எண்பது என்று காட்டும். கூட்டம் "ஐயையோ" என்னும். பிறகு நெற்றியில் விபூதி. "கையை ஆண்டவன் பக்கம் தூக்கு!" தூக்கிய கையில் மறுபடி அளப்பார். நூற்று முப்பது. "நோய் இறங்கிடுச்சு, போ. இனி மாத்திரை எதுக்கு?"

பக்கத்திலேயே உண்டியல். அதில் காணிக்கையும் விழும், மாத்திரை அட்டையும் விழும். டாக்டர் எழுதிக் கொடுத்ததை ஆண்டவனிடம் ஒப்படைப்பதாம். ஆண்டவனுக்கு அவ்வளவு பிரஷரா என்று ஒருவரும் கேட்கவில்லை.

பூவம்மாவுக்கு இதெல்லாம் சிரிப்பாக இல்லை. அவள் புருஷன் நீலமேகம் கன்டெய்னர் டிரைலர் ஓட்டுகிறவன். துறைமுக வாசலுக்குப் போகும் வரிசையில் மாட்டினால் வண்டி பகல் முழுக்க அசையாது. டாக்டர் கொடுத்ததோ சிறுநீர் அதிகம் போகும் மாத்திரை. நடுவில் இறங்கினால் பின்னால் நிற்கிறவன் ஹாரனிலேயே குடும்பத்தை இழுப்பான். ஆகவே ஓட்டமுள்ள நாளெல்லாம் நீலமேகம் மாத்திரையை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சேர்த்து இரண்டாகப் போட்டுக்கொள்வான். மாத்திரை என்ன, தூக்கமா, லீவு நாளில் சேர்த்துப் போட?

ஒரு ஞாயிறு எழுந்து நின்றவன் கண் இருட்டிச் சரிந்தான். அதிலிருந்து மாத்திரைமேல் பயம். பயந்தவனுக்குச் சித்தர் கிடைத்தார். மாத்திரை மொத்தமாக நின்றது. பின்மண்டையில் வலி வந்தது, பார்வை மங்கியது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கும் ரோட்டில் நாற்பதடி வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான். பூவம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

கையிலிருந்த கடைசி அட்டையையும் உண்டியலில் போட அவன் கிளம்பிய அன்று அவளும் கூடவே நடந்தாள். வழியில் டீக்கடை ஹபீபுல்லாவையும் இழுத்துக்கொண்டாள். அவர் நீலமேகத்தின் தோஸ்து. சாமியாரைக் கண்டால் சிரிப்பை அடக்கத் தெரியாதவர்.

"யோவ், ஆஸ்பத்திரில நர்சம்மா இன்னா சொல்லும்? குந்து, கைய மேசைமேல நெஞ்சு ஒயரத்துக்கு வைன்னு சொல்லும்ல? இந்தாளு மட்டும் ஏன் ஒருவாட்டி தொங்கவுட்றான், ஒருவாட்டி தூக்கச் சொல்றான்?" என்று புருஷனைக் கேட்டாள் பூவம்மா.

"சாமி குத்தமாய்டும், வாய மூடிகினு வாமே."

"நீ வண்டிய கொண்டுபோயி எதுலனா வுட்டா அது யாரு குத்தம்யா?"

நீலமேகத்தின் முறை வந்தது. தொங்கிய கையில் நூற்றுத் தொண்ணூறு. கூட்டம் கடமை தவறாமல் ஐயையோ என்றது. சித்தர் விபூதியை எடுத்தார்.

"கொஞ்சம் இரு சாமி," என்றாள் பூவம்மா. "விபூதி பூசு, மந்திரம் சொல்லு, எல்லாம் பண்ணு. கைய மட்டும் மேசைமேல வெச்சிகினு அளந்து காட்டு."

"அது ஆகம விரோதம்!"

"மெஷினுக்கு இன்னா சாமி ஆகமம்? தோ, அதோட டப்பாலயே படம் போட்டுகீது. கை மேசைமேலதான் கீது, பாரு."

நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். சித்தருக்கு வேறு வழியில்லை. மந்திரத்தைக் குடம் குடமாக ஊற்றினார். நீலமேகம் நாற்காலியில் உட்கார்ந்து மேசைமேல் கை வைத்தான். மெஷின் உறுமி நின்றது. நூற்று எழுபத்தெட்டு.

"உனக்கு நம்பிக்கை பத்தல!" என்று சீறினார் சித்தர்.

"அப்டியா? நம்பிக்கையே இல்லாத ஆளு ஒர்த்தரு கீறாரு. பாய், வா இப்டி."

ஹபீபுல்லா கையைத் தொங்கவிட்டார். நூற்று ஐம்பது. விபூதி இல்லை, மந்திரம் இல்லை.

"இப்ப தூக்கு பாய். பரண்மேல டப்பா எடுக்கிறாப்ல."

தூக்கினார். நூற்றுப் பத்து.

"அடேங்கப்பா! பரணுக்கும் அருள் கீதுடா மாமு!" என்று நீலமேகத்தைப் பார்த்துக் கண்ணடித்தார் ஹபீபுல்லா.

கூட்டம் வெடித்தது. சித்தர் மேசையைக் குத்திச் சாபம் விட ஆரம்பித்தார். கழுத்து நரம்பு புடைத்தது, முகம் தக்காளியாய்ச் சிவந்தது. உண்டியலுக்குக் காவல் நின்ற அவருடைய மச்சான் மதி பதறி ஓடிவந்து தோளைப் பிடித்தான்.

"மாமா, கத்தாத மாமா! காலைல பிரஷர் மாத்திர போட்டியா இல்லியா? அக்கா கேக்கச் சொல்லிச்சு!"

கொட்டகையில் எழுந்த சிரிப்பில் தகரம் அதிர்ந்தது. ஊராருக்கு உண்டியல். சித்தருக்கு மட்டும் வேளை தவறாமல் மாத்திரை!

உண்டியலைக் கவிழ்த்து, அகப்பட்ட அட்டையை எடுக்க ஆளாளுக்குப் பாய்ந்தார்கள். பூவம்மா குரலை உயர்த்தினாள். "அத்த போடுங்க கீழ! யாரோ துன்ற மாத்திரய பொறுக்கித் துன்ன இது இன்னா பொரிகடலையா? அவங்கவங்க டாக்டர் சீட்ட காட்டி அவங்கவங்கள்து வாங்குங்க!"

நீலமேகம் சிரிக்கவில்லை. தன் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாமே," என்றான். அவ்வளவு சின்னக் குரலை அவள் அவனிடம் கேட்டதே இல்லை.

டாக்டரம்மா அவன் சொன்னதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "டிரைவர்னு சொல்லவே இல்லையே நீங்க! அதுக்கு வேற மாத்திரை இருக்கே. மாத்தி எழுதறேன். ஒரு வேளை விட்டுப்போச்சுன்னா அடுத்த வேளைக்கு ரெண்டா போடாதீங்க. நீங்களா நிறுத்தவும் கூடாது. ஒத்துக்கலைன்னா என்கிட்ட வந்து சொல்லுங்க. பார்வை தெளியறவரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது."

"ஒண்ணுக்கு மேட்டர ஒரு பொம்பள டாக்டராண்ட எப்டிம்மா சொல்றது?" என்று நெளிந்தான் நீலமேகம்.

"அந்த சோமாரியாண்ட மட்டும் வூட்டுக்கத எல்லாம் ஒப்பிச்சல்ல?" என்றாள் பூவம்மா.

கொட்டகை இப்போது காலி. எண்ணூர்ப் பக்கம் சர்க்கரைச் சித்தர் என்று ஒரு புதுப் பலகை தொங்குகிறதாம். இந்நேரம் அங்கேயும் வரிசை நிற்கும். கும்பிட வேண்டாம் என்று யார் சொன்னது? கும்பிடுங்கள். ஆனால் மருந்து தருகிற டாக்டரிடம் ஆயிரம் கேள்வி கேட்கிற வாய், மருந்தைப் பிடுங்குகிறவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் குறைந்தா போய்விடும்?

நல்லா இருங்கள் செல்லங்களா. உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போனவர்கள் போன முகத்தோடு திரும்பி வரட்டும்; எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற சத்தம் உங்கள் வாசல்வரை கேட்கட்டும்.