இரும்புலியூரில் ஒரு கலர் கண்டனம்

துளசிங்கத்துக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசை தவறாமல் சொல்லிவிட வேண்டும். முதலாவது, சிவப்புக் கொடிக்காரர்கள். தண்ணீர் லாரி மறியலில் முதல் ஆளாக ரோட்டில் படுத்தவர் இவர். போட்டோவில் வந்தது வட்டச் செயலாளர். இரண்டாவது, பச்சைக் கொடிக்காரர்கள். ரயில்வே கேட் போராட்டத்தில் கைதானவர் இவர். மாலை விழுந்தது மாவட்டத்தின் கழுத்தில். மூன்றாவது, மஞ்சள் கொடிக்காரர்கள். இவர் எழுதிக் கொடுத்ததைப் பேசியே ஒருவன் கவுன்சிலர் ஆகிவிட்டான்.

எல்லாக் கட்சிக்கும் முழுக்குப் போட்டார். மிச்சமிருந்த கலர்களிலும் ஏதாவது ஒரு கட்சி உட்கார்ந்திருந்தது. அதனால் இரும்புலியூரில் அவர் கட்டிய வீடு அன்றிலிருந்து பெயின்ட்டைப் பார்க்காமல் சிமென்ட் நிறத்திலேயே நின்றது.

"வூடா இது? பாலத்துக்குக் கீழ குடியிருக்கற மாதிரி கீது," என்பாள் மனைவி கோகிலவாணி.

"சிமென்ட்டுக்குத்தான் கட்சி கிடையாது," என்பார் துளசிங்கம்.

நான்காவது அநீதி 2008-ல், யாசீனின் பிரவுசிங் சென்டரில் நடந்தது. அங்கே 'சாம்பல் கிரகம்' என்றொரு கம்ப்யூட்டர் விளையாட்டு. வேற்றுக் கிரகத்தில் படை திரட்டி, திட்டம் போட்டுச் சண்டை பிடிக்க வேண்டும். டாங்கி, மண், வானம், எல்லாமே சிமென்ட் நிறம். துளசிங்கம் அதில் தளபதி. அந்த வருஷம் இரண்டாம் பாகத்தின் படங்களை வெளியிட்டார்கள். டாங்கி ரோஸ். வானம் கிளிப்பச்சை. கோட்டை மாம்பழ மஞ்சள்.

ரசிகர்கள் கூடும் தமிழ் இணையதளத்தில் 'போராளி' என்ற பெயரில் கண்டனம் எழுதினார். 'இது போர்க்களமா, மிட்டாய்க் கடையா? சொந்த வீட்டுக்கே பெயின்ட் அடிக்காதவன் கேட்கிறேன்.' ரசிகர்கள் திரண்டார்கள். வாழ்நாளில் முதல்முறையாக அவருக்குப் பின்னால் ஒரு கூட்டம்.

"இன்னா அண்ணா, இந்த வயசுல கலர் பத்தியே பேசிக்கினு கீறியாமே," என்றார் டீக்கடை சவுரிமுத்து.

கூட்டம் நிலைக்கவில்லை. 'வானவில்' என்று ஓர் ஆசாமி பதில் போட்டான். 'ஐயா, எல்லாம் ஒரே சாம்பலாக இருந்ததால்தான் போன வாரம் உங்கள் படையை நீங்களே சுட்டீர்கள்.' உண்மைதான். கூட்டம் மொத்தமும் அவன் பக்கம் சாய்ந்தது. வயிறு எரிய வீட்டுக்கு வந்தார். அங்கே பெட்ரோல் காத்திருந்தது.

"அந்த வானவில் தம்பி இன்னா அழகா எழுதுது," என்றாள் கோகிலவாணி. துபாயிலிருக்கும் மகளுக்கு மெயில் அனுப்ப அவளும் பகலில் யாசீன் சென்டருக்குப் போகிறவள்.

"தம்பின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எழுத்துல ஒரு இளமை கீதுங்க."

"என் எழுத்துல?"

"அதுல இருமல் கீது."

மறுநாள் வாசலில் பெயின்ட் கான்ட்ராக்டர் வில்பிரட் நின்றான். கையில் ஷேட் கார்டு. தலையில் சுருள் முடி. "அக்கா, இந்த ரோஸ் உங்க வூட்டுக்கு எடுப்பா இருக்கும்." அக்கா சிரித்தாள். துளசிங்கத்துக்கு ரோஸ் டாங்கி ஞாபகம் வந்தது. வானவில் யார் என்பதில் அதற்குமேல் சந்தேகமில்லை.

அன்று மாலையே வானவில்லின் சவால் வந்தது. 'ரசிகர்கள் ஓட்டுப் போடட்டும். புதுக் கலர் ஜெயித்தால் உங்கள் வீட்டுக்கு ரோஸ் பெயின்ட் அடிப்பீர்களா?' பொறாமைக்காரன் யோசிப்பதில்லை. 'சம்மதம்' என்று எழுதினார். ஆனால் பழைய போராட்டக்காரர் அல்லவா, ஒரு வரி சேர்த்தார்: 'வானவில் பெயின்ட் வியாபாரியாக இருந்தால் தேர்தல் செல்லாது.'

புதுக் கலர் அமோகமாக ஜெயித்தது.

ஞாயிற்றுக்கிழமை சென்டரில் கூட்டம் கூட்டினார். வில்பிரட்டைக் கையோடு இழுத்து வந்தார். சவுரிமுத்து சாட்சி. கோகிலவாணி தானாகவே வந்து உட்கார்ந்தாள். இணையதளத்தை நடத்துகிறவனும் யாசீன்தான். யார் எந்த நிஜப் பெயரில் பதிந்தார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

"யாசீன், வானவில்லோட நிஜப் பேர சாட்சிங்க முன்னாடி சத்தமா படி."

வில்பிரட் முழித்தான். "சார், எனக்குக் கம்ப்யூட்டர ஆன் பண்ணக்கூடத் தெரியாது."

"நடிக்காத."

யாசீன் திரையைப் பார்த்தான். துளசிங்கத்தைப் பார்த்தான். "வேணாம் சார். வுட்ருங்க."

"ஜனநாயகம்பா. படி."

"படி தம்பி," என்றாள் கோகிலவாணி. "கரன்ட்டு, கேஸு, போனு, எதுவா இருந்தாலும் குடும்பத் தலைவர் பேர்லதான் இருக்கணும்னு இவர்தான் சொல்லிக்கினே இருப்பாரு. நான் மட்டும் என் பேர்ல எழுதுனா நல்லாவா இருக்கும்?"

துளசிங்கம் கையைத் தூக்கிக்கொண்டு எழுவதற்குள் யாசீன் படித்துவிட்டான்.

"வானவில். நிஜப் பெயர், துளசிங்கம், இரும்புலியூர்."