ஏழு தும்மல், ஏழு கிரகம்

தொலைநோக்கி இருக்கும் மாடிக்கு அன்று ஒருவரும் ஏறவில்லை. பல்கலைக்கழகத்தின் வானியல் துறை மொத்தமும் தேநீர் அறை வாசலில் வரிசை கட்டி நின்றது. விண்மீன் மண்டலங்களுக்கு வயது கணிக்கும் பேராசிரியர், விண்மீன் வெடிப்பில் முனைவர் பட்டம் வாங்கியவர், கோள் தேடும் ஆய்வு மாணவர்கள் எல்லாரும் ஒரு கையில் மடிக்கணினி, மறு கையில் பண உறையோடு நின்றார்கள். உள்ளே மெத்தை போட்ட நாற்காலியில் வீற்றிருந்தவர் தும்மல் ஞானி.

ஞானி வேறு யாருமில்லை, துறைத்தலைவர் மனைவியின் தம்பி. அதற்கு முன் காந்த வளையல் விற்றார். அது படுத்துவிட்டது. அக்கா வீட்டில் மூன்று வேளையும் மூக்குமுட்டச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், ஒருநாள் தலைவரின் கணினித் திரைமுன் ஒரு தும்மல் போட்டார். "மாமா, இந்த நட்சத்திரத்துக்கு ஒரு கிரகம் இருக்கு. என் மூக்குல தெரியுது" என்றார். சில மாதம் கழித்து வேறொரு நாட்டுக் குழு அதே விண்மீனைச் சுற்றி ஒரு கோளைக் கண்டுபிடித்தது. மாமா அன்றைக்கே கவிழ்ந்தார்.

ஒரு விண்மீனின் குறுக்கே கோள் போனால் அதன் ஒளி கொஞ்சம் மங்கும். ஒளியைக் கோடாக வரைந்தால், அந்த இடத்தில் ஒரு குழி விழும். அது கோள்தானா, கருவிக் கோளாறா என்று வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வதுதான் ஆராய்ச்சி. ஞானிக்கு அந்தத் தொல்லையே கிடையாது. கோட்டின் மேல் கை வைப்பார், கைக்குட்டையால் முகத்தைத் துடைப்பார். அச்! ஒரு தும்மலுக்கு ஒரு கிரகம். அறிவியல் எவ்வளவு முன்னேறிவிட்டது, பாருங்கள்!

தலைவர் அதோடு நிற்கவில்லை. இந்த முறை தொலைநோக்கியில் பார்க்கும் நேரம், ஞானி தும்மிய விண்மீன்களுக்கு மட்டும்தான் என்று அறிவித்துவிட்டார்.

ஆய்வு மாணவி ஒருத்தி வெறுங்கையோடு உள்ளே போனாள்.

"உறை எங்கம்மா?"

"எந்த உறைங்க?"

ஞானியின் முகம் சுருங்கியது. திரையில் கை வைத்தார். மூக்கு அசையவில்லை. "ஒண்ணுமில்ல. அங்க ஈ காக்கா கூட கிடையாது. அடுத்த ஆளு வா!"

அவள் தலைவரிடம் ஓடினாள். "சார், இத்தனை வருஷமா இந்த ஒரு நட்சத்திரத்தைத்தான் பாத்துட்டிருக்கேன். ரெண்டு குழி கிடைச்சிருக்கு. மூணாவது விழுதான்னு பாக்கணும். இப்போ நேரம் இல்லன்னா என் ஆராய்ச்சியே போச்சு சார்."

"நான் என்னம்மா பண்றது? மூக்கு ஒத்துழைக்கலையே!"

குளியலறையில் போய் அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவளுக்கு மூளை நன்றாக வேலை செய்யும்.

மறுநாள் ஞானி வருவதற்கு முன்பே தேநீர் மேசையில் ஒரு சின்னக் கேமராவை அண்ணாந்து பார்க்க வைத்தாள். அதில் பதியும் ஒளி உடனுக்குடன் மடிக்கணினித் திரையில் கோடாக ஓடும்படி செய்தாள். ஒழுங்கான இடைவெளியில் அழகழகான குழிகள்! பிறகு பழைய தாள்களைக் கிழித்து ஓர் உறையில் திணித்து, தலையணை போல் ஆக்கிக்கொண்டாள். துறை முழுவதும் கூடியிருக்க, பணிவாக நீட்டினாள்.

"ஐயா, இது வேற நட்சத்திரம். கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

ஞானி உறையைக் கையில் நிறுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. கைக்குட்டை மூக்குக்குப் போனது. அச்! அச்! அச்! நிறுத்தவே இல்லை. ஏழு தும்மல்.

"ஏழு கிரகம்!" என்று அறை அதிர்ந்தது.

"கூட்டுக் குடும்பம்" என்றார் ஞானி மூக்கை உறிஞ்சியபடி. "அஞ்சாவதுல கடல் இருக்கு. ஆறாவதுல ஆளுங்க இருக்காங்க. நல்ல மாதிரி."

விண்மீன் மண்டலப் பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவர் துள்ளி எழுந்தார். "தொலைநோக்கியைத் திருப்புங்க! எந்தப் பக்கம்மா இருக்கு?"

"தலைக்கு மேல சார். அண்ணாந்து பாருங்க."

எல்லாரும் பார்த்தார்கள். கூரையில் ஒரு விளக்கு. அதற்குக் கீழே மெதுவாகச் சுற்றும் மின்விசிறி. அவள் விசிறியை அணைத்தாள். திரையில் குழிகள் விழுவது நின்றது.

"கிரகமெல்லாம் நின்னுடுச்சு சார்."

விண்மீன் மண்டலப் பேராசிரியர் விரல் விட்டு எண்ணினார். "இறக்கை மூணுதானே இருக்கு? மீதி நாலு எங்க?"

"நம்ம கண்ணுக்குத் தெரியாம இருக்கலாம்" என்றார் தலைவர்.

"மீதி நாலு உறையோட கனம் சார். பிரிச்சுப் பாருங்க, வெறும் காகிதம். மெலிசா குடுத்தவங்களுக்கு ஒண்ணு, தடிப்பா குடுத்தவங்களுக்கு நாலு. குடுக்காத எனக்கு ஈ காக்கா கூட இல்ல!"

"சதி!" என்று ஞானி கைக்குட்டையை வீசிக் கத்தினார். அவள் விசிறியை முழு வேகத்தில் போட்டாள். கைக்குட்டையில் இருந்த மிளகுத்தூள் அறை முழுக்கப் பறந்தது. அடுத்த நிமிடம் துறையே தும்மியது. உலக வரலாற்றில் இத்தனை கோள்களை ஒரே அறையில் யாரும் கண்டுபிடித்ததில்லை. அந்தக் களேபரத்தில் ஞானி கம்பி நீட்டிவிட்டார்.

"அப்போ முதல்ல சொன்னது பலிச்சுதேம்மா?" தலைவருக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

"பெரும்பாலான நட்சத்திரத்துக்குக் கிரகம் இருக்கும்னு நீங்கதானே சார் பாடம் நடத்துறீங்க? இருக்குன்னு யார் சொன்னாலும் பலிக்கத்தான் செய்யும்."

தலைவர் தலையைக் குனிந்துகொண்டு, அவளுக்குரிய தொலைநோக்கி நேரத்தை எழுதிக் கொடுத்தார். கொடுத்தவர் சும்மா இருந்தாரா? குரலைத் தாழ்த்திக் கேட்டார். "உன் நட்சத்திரத்துக்காவது கிரகம் இருக்குமாம்மா?"

"தெரியாது சார். பாத்துட்டுச் சொல்றேன்."

இத்தனை நாளில் அந்த அறையில் கேட்ட முதல் அறிவியல் பேச்சு அதுதான். கோடானுகோடி மைல் தாண்டி இருப்பதை அளக்கத் தெரிந்த மேதைகளே, சொந்த மண்டைக்குள் இருப்பதையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்! சிந்திப்பதற்குச் செலவே இல்லை. சிந்திக்காமல் இருப்பதற்குத்தான் இவ்வளவு பணம் அழுதிருக்கிறீர்கள்.