ஐந்தாம் மாடியில் புது டிஎன்ஏ

லிஃப்ட் பழுது என்றால் மூன்றாம் மாடிப் பல் டாக்டரிடம்கூடப் போகாத ஜனங்கள், அன்று ஐந்தாம் மாடிவரை படிக்கட்டில் வரிசை கட்டி நின்றார்கள். மேலே இழை ஐயா என்ற வைத்தியர் புது டிஎன்ஏ வரவழைக்கிறாராம். சும்மாவா?

ஐயாவின் தத்துவம் எளிது. வைரஸ் வந்தால் உடம்பு காப்புப் புரதம் செய்யவேண்டும். அதற்குப் புது டிஎன்ஏ வேண்டும். அதை உண்டாக்குவது ஐயாவின் புட்டி மருந்து. கண்கண்ட ஆதாரமும் உண்டு. குவளையில் துப்பினால், கொஞ்சம் நுரைத் தண்ணீர் கலந்து மேலே மருந்தை ஊற்றுவார். வெள்ளை வெள்ளையாக இழை எழும்பும். கூட்டம் வாயைப் பிளக்கும்.

வரிசையில் ஒருத்தி, காய்ச்சலில் துவண்ட மகளைத் தோளில் போட்டிருந்தாள். உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லிவிட்டார் டாக்டர். இவளோ முதலில் ஐயா, அப்புறம்தான் ஆஸ்பத்திரி என்று நின்றாள். கூடவே வந்திருந்த தங்கை, வைரஸ் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள், அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, புது டிஎன்ஏ உண்டாகாம தடுத்துட்டு, செல்லுக்குள்ள வைரஸை விட்டுப் பார்த்தோம். காப்புப் புரதம் வழக்கம்போல வந்துச்சு. பழைய டிஎன்ஏவிலேருந்து ஆர்என்ஏங்கிற குறிப்பை நகல் எடுக்கிறதைத் தடுத்தப்போதான் வரல. சமையல் புத்தகம் வீட்லயே இருக்கு. சமைக்க எதுக்குப் புதுப் புத்தகம் அச்சடிக்கணும்?"

"போடி. அவர்தான் கண்ணு முன்னாடி காட்டுறாரே."

"அப்ப காட்டட்டும்."

தங்கை கைப்பையிலிருந்த வாழைப்பழத்தை எடுத்தாள். தண்ணீர் விட்டுப் பிசைந்து, கைக்குட்டையில் வடிகட்டிக் குவளையில் பிடித்தாள்.

முறை வந்ததும், குழந்தையின் எச்சில் என்று சொல்லி அதை நீட்டினாள். ஐயாவுக்கு ஒரு பழக்கம். குவளையைப் பார்க்கமாட்டார், கூட்டத்தைத்தான் பார்ப்பார். வாங்கினார், ஊற்றினார். இதுவரை யாருக்கும் வராத அளவு இழை திரண்டு வந்தது.

"பாருங்க, குழந்தை உடம்பு பேசுது. புது டிஎன்ஏ பொங்கிடுச்சு. இனி ஆஸ்பத்திரியே வேண்டாம்."

"ஐயா, அது வாழைப்பழம்" என்றாள் தங்கை.

 கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"பழத்துக்கும் உயிர் இருக்கும்மா" என்று சமாளித்தார் ஐயா.

"உயிர் இருந்துச்சு, டிஎன்ஏவும் இருந்துச்சு. இருந்ததைத்தான் உங்க சோப்புத் தண்ணியும் புட்டியில இருக்கிற ஸ்பிரிட்டும் பிரிச்சுக் காட்டுது. புதுசா எதுவும் பிறக்கல."

அக்கா ஐயாவையே பார்த்தாள். அவள் முகம் சிவந்திருந்தது.

"வாழைப்பழத்துக்கா ஆஸ்பத்திரி வேண்டாம்னீங்க?"

பதிலுக்குக் காத்திராமல் மகளை அணைத்துக்கொண்டு விடுவிடுவென்று இறங்கினாள். தங்கை ஆட்டோ பிடிக்க முன்னால் ஓடினாள். அவர்கள் பின்னால் பாதிக் கூட்டம் இறங்கியது. மீதிப் பேர்? இடம் கிடைத்ததே என்று ஒரு படி முன்னேறினார்கள்.

அவர்களுக்கு ஒரு வார்த்தை. எச்சிலைக் கொடுத்துச் சோதித்தது போதும், மூளையைக் கொஞ்சம் பயன்படுத்திப் பாருங்கள். அதற்கும் புது டிஎன்ஏ தேவையில்லை, இருப்பதே போதும்.