வட்டத்துக்கு ஒரு நோயாளி தேவை

"பொருள்: முதியோர் மனநலத் தேவைகள் – வட்ட அளவில் திட்டமிடுதல் – கருத்துக்கேட்புக் கூட்டம் – தொடர்பாக" என்று தொடங்கும் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. எழுதப்பட்டது திங்கட்கிழமை. கூட்டம் வியாழக்கிழமை. என் கைக்கு வந்தது புதன்கிழமை மாலை. பெற்றுக்கொண்ட நேரத்தை அதன் மூலையில் குறித்து வைத்தேன். இப்படிப்பட்ட ஒருவனிடம் ஆள் சேர்க்கும் பொறுப்பைக் கொடுத்தது அரசின் தவறு. மற்ற தவறுகளெல்லாம் என்னுடையவை.

துறைமுகத்தின் ஆவணப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். திருவொற்றியூரில் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் (வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை). தேவை இருப்பதாகக் கூட்டத்தில் தெரிந்தால், வாரம் ஒருமுறை முதியோருக்கென்றே ஒரு மனநல ஆலோசகர் எங்கள் சுகாதார நிலையத்துக்கு வருவார் என்றது கடிதம். எனக்கு அது வேண்டும். எனக்காக அல்ல, எதிர்வீட்டு ரஹீம் பாய்க்காக.

ராயபுரத்தில் கயிற்றுக்கடை வைத்திருந்தவர் பாய். மனைவி இறந்த பிறகு கடையை விற்றுவிட்டார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, போகும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். மகன் கொண்டுவைக்கும் சோறு அப்படியே ஆறிப்போகும். ஒருநாள் என்னிடம், "போதும் சார். கெளம்பிடலாம்னு கீது" என்றார். எங்கே என்று கேட்டேன். அடுத்த லாரியைப் பார்த்தார். டாக்டரிடம் போகலாமா என்றதற்கு மட்டும் பதில் வந்தது. "நான் இன்னா மெண்டலா?"

மனநலம் என்று சொன்னால் ஒருவரும் வரமாட்டார்கள். அதனால் தெருத்தெருவாகப் போய், "சுகர், பிரஷர் பார்க்கிறார்கள்" என்று சொல்லிவிட்டேன். சமுதாயக் கூடம் நிரம்பியது. பாயும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். என் ராஜதந்திரத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தபோது மேடையில் பேனரைக் கட்டினார்கள். ஆள் உயரத்துக்கு 'மனநலம்'.

"செகரெட்ரி சார்!" என்று எழுந்தாள் காசிமேட்டில் மீன் விற்கும் நாகம்மா. "சுகர் பாக்கறன்னு இஸ்துகினு வந்து, பைத்தியக்கார லிஸ்ட்ல சேக்கறியா?"

அந்த நேரம் பார்த்து இளம் டாக்டரம்மா மைக்கைப் பிடித்தார். "தூக்கம் வராதவங்க, மனசு பாரமா இருக்கறவங்க கையைத் தூக்குங்க."

ஒரு கைகூட எழவில்லை. எப்படி எழும்? பக்கத்து நாற்காலியில் சம்பந்தி. முன்வரிசையில் வட்டிக்காரர். பின்னால் மகனுக்குப் பெண் பார்த்திருக்கும் வீட்டார். இத்தனை பேர் நடுவே 'மனசு சரியில்லை' என்று யார் கை தூக்குவார்கள்? (திட்டம் போட்டவர்களுக்குச் சம்பந்தியே கிடையாதா?)

"எங்க வட்டத்துல அப்டி யாரும் கெடையாதும்மா. எல்லாம் ஜோரா கீறோம்" என்றார் ஒரு பெரியவர். டாக்டரம்மா, 'தேவை: இல்லை' என்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

நான் கையைத் தூக்கினேன்.

முந்தின இரவுதான் மனச்சோர்வு பற்றி ஒரு தடிமனான புத்தகத்தைப் படித்திருந்தேன். அறிகுறிகளை அத்தியாய வரிசையில் ஒப்பித்தேன். எப்போதிலிருந்து என்று கேட்டார். தேதி, கிழமை, நேரம் மூன்றும் சொன்னேன்.

"தேதியெல்லாம் இவ்வளவு சரியா சொல்றீங்களே?"

"எனக்கு எல்லாத் தேதியும் ஞாபகம் இருக்கும், மேடம்."

அதையும் எழுதிக்கொண்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "இவரைத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?" என்றார்.

"அய்ய, ஏன் கேக்கற!" என்றாள் நாகம்மா. "கரண்டு போனா நோட்டு எட்து டைம் எழுதும். பவர் ஹவுஸ் பொக எந்தப் பக்கம் போவுதுன்னு எழுதும். தண்ணி லாரி லேட்டா வந்தா அதயும் எழுதும். பாவம் பெரிய மன்சன்னு நாங்க கண்டுக்கறதில்ல."

கூடமே சாட்சி சொல்ல வரிசையில் நின்றது. தங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர்கள், என்னைப் பற்றி அத்தியாயம் அத்தியாயமாகப் பேசினார்கள். டாக்டரம்மா 'தேவை: உண்டு, அவசரம்' என்று எழுதினார். நான் வீடு திரும்புவதற்குள் செய்தி என் மனைவிக்கு எட்டிவிட்டது. "முப்பது வருஷமா நான் சொன்னேன், யார் கேட்டா? கவர்மென்டே சொல்லிடுச்சு பாருங்க" என்றாள்.

ஆலோசகர் வந்தார். ஒவ்வொரு புதன்கிழமையும். முதல் நோயாளி நான், துணைக்கு ஓர் ஆள் கட்டாயம். மனைவிக்கு முழங்கால் வலி. எதிர்வீட்டு நாற்காலியில் இருந்து பாய் எழுந்தார்.

"நான் இட்டுகினு போறேன்மா. இவர தனியா உடக் கூடாது."

முதலில் துணைக்கு வந்தவரிடம் பேச வேண்டும் என்று ஆலோசகர் பாயை உள்ளே கூப்பிட்டார். கதவு சாத்தப்பட்டது. நான் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்து, சுவரில் ஒட்டியிருந்த டெங்கு நோட்டீஸை முழுக்கப் படித்து, அதில் இரண்டு எழுத்துப்பிழைகளையும் கண்டுபிடித்த பிறகே கதவு திறந்தது. பாய் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அடுத்த வாரமும் வரச் சொல்லிச்சு."

"யாரை?"

"நம்மளத்தான். வா, டீ சாப்டலாம். பசிக்குது."

இன்றுவரை அப்படித்தான். உள்ளே பாய், வெளியே நான். மாதவரத்தில் இருக்கும் மகள் புதன்கிழமைதோறும் போன் செய்து, "பேஷன்ட் கெளம்பியாச்சா?" என்று கேட்கிறாள். பேரனின் பள்ளி விழாவில் மாப்பிள்ளை என்னை, "எங்க மாமா. கவர்மென்ட் சர்டிஃபிகேட் வாங்கினவர்" என்று அறிமுகப்படுத்தினார்.

ஒரே ஒரு தகவல்தான் பாக்கி. அன்றைக்குக் கூட்டத்தில் தான் நன்றாகத் தூங்கிவிட்டதாகவும், நான் பேசியது எதையும் கேட்கவில்லை என்றும் பாய் சொல்கிறார். பாய் கண்கொட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார் என்கிறாள் நாகம்மா. இரண்டில் எது சரி என்பது இதுவரை உறுதி செய்யப்படவில்லை.