கால்மாத்திப் படியும் தலைதீபாவளி மெத்தையும்

வாழி, வாழி! எம். புதுப்பட்டி வெடிக் கம்பெனியின் கிட்டங்கி முற்றத்தில், சும்மாடே மணிமுடியாக, வியர்வையே முத்துவடமாக, முட்டிவலித் தைலமே நறுஞ்சாந்தாகப் பூண்டு, பெட்டிமேல் பெட்டி சுமந்து வடநாட்டு லாரிகளின் வயிறு நிறைத்த வள்ளல், லோடு ஏற்றும் லோகநாயகன், குனிந்தால் நிமிரவும் நிமிர்ந்தால் குனியவும் இயலாத இடுப்புடை ஏந்தல், வெள்ளைத்துரை வாழி! அன்னாரின் பெரும்போரைப் பாடப் புகுந்தோம். கலைமகளே, இந்த நாவில் வந்து அமர்க. இடம் நெருக்கடிதான், சற்று ஒடுங்கி அமர்க.

இடநெருக்கடியே இப்போருக்கு மூலம். ஆடு படுத்தால் வால் வாசலுக்கு வெளியே கிடக்கும் அரண்மனை அவன் வீடு. ஆவணியில் மகள் கீர்த்திகாவுக்குத் திருமணம் முடித்த வேந்தன், தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை ஸ்ரீராம்குமார் வருவாரே, புதுமணத் தம்பதியை மாமனார் குறட்டை இடியென முழங்கும் ஒற்றை அறையிலா படுக்க வைப்பது என்று நெஞ்சம் குமைந்து, சீசன் முழுக்கச் சுமந்து மொட்டைமாடியில் ஓர் அறை எழுப்பினான். அறை எழுந்தது. ஏறிப் போகும் வழிக்கு மிஞ்சியது ஒரு பீரோ நிற்கும் இடம்.

அப்போது தோன்றினான் கொத்தனார் பாண்டிமுருகன், கொத்துக்கரண்டி ஏந்திய மயன். அவன் செங்குத்தாக நிறுத்திய அற்புதத்துக்குக் கால்மாத்திப் படி என்று பெயர். எந்தப் படியும் முழுப்படி அன்று. முதல் படி இடது காலுக்கு மட்டும். அதன் மறுபாதி வெறும் காற்று. அடுத்தது வலது காலுக்கு மட்டும். இப்படி மாறி மாறி வானேறும்.

"பேய்க்குத்தான் கால் கெடையாதுல்லா, எதை மாத்தி வைக்கும்? ஏறவே ஏறாது" என்று அருளினான் பாண்டிமுருகன். "அச்சங்குளத்துல ஒரு வீட்டுக்குப் போட்டுக் குடுத்தேன். மாடியில முன்னாடியே ஒரு மோகினி குடியிருந்திருக்கு. எறங்கத் தெரியாம இன்னும் அங்கனயே உக்காந்திருக்குன்னு சொல்றாக."

பக்கத்து வீட்டில் துணி வியாபாரம் செய்யும் கமருன்னிசா சுவருக்கு மேலே தலை நீட்டினாள். "பேய் ஏறாது, சரி. நீங்க ஏறுவீகளா அண்ணே?"

அச்சொல் வேலெனப் பாய்ந்தது. ஆயினும் வேந்தன் உடனே ஏறிவிடவில்லை. சிமெண்டு காயட்டும், வெள்ளையடிப்பவர்கள் முதலில் ஏறட்டும், நல்ல நாள் வரட்டும் என்று மாவீரர்க்கே உரிய நிதானத்தோடு நாள் கடத்தினான்.

வந்தது தீபாவளிக்கு முந்தின நாள். சாத்தூரிலிருந்து பஸ் ஏறிவிட்டதாக மாப்பிள்ளையின் போனும் வந்தது. விருதுநகரிலிருந்து வந்திறங்கிய இலவம்பஞ்சு மெத்தையோ, கட்டிப்போட்ட யானைக்கன்றுபோல் வாசலை அடைத்துக் கிடந்தது.

"தள்ளுங்க எல்லாரும்! பெட்டி செமந்த தலைக்குப் பஞ்சு ஒரு செமையா? மாப்பிள்ளை செருப்பைக் கழட்டுறதுக்குள்ள மெத்தை மேல கெடக்கும்!" என்று வீரமுழக்கம் செய்து, மெத்தையை முடிமேல் ஏற்றினான் வெள்ளைத்துரை.

"இந்தாங்க, வாழப்போற புள்ளைகளுக்குப் போற மெத்தை, வலது காலை எடுத்து வச்சு ஏறுங்க" என்றாள் பட்டத்தரசி பஞ்சம்மாள்.

ஐயகோ! இடது காலுக்கென்று பிறந்த படியில் வலது கால் ஏறியது. அடுத்த படிக்கு இடது கால் வலப்பக்கம் பாய்ந்தது. மூன்றாவதில், புயலில் பின்னிய இரு பனைகள்போல் தொடையும் தொடையும் முறுக்கிக்கொள்ள, மெத்தை இரு சுவருக்கும் நடுவே ஆப்பெனச் செருகிக்கொள்ள, கண்ணிருண்டு, காதடைத்து, வாயில் பஞ்சு புகுந்து, மேலும் செல்லாது கீழும் வாராது, திரிசங்குவுக்குத் தம்பியாய் நின்றான் நம் தலைவன்.

அந்த வேளை பார்த்து வாசலில் ஆட்டோ நின்று, மாப்பிள்ளையும் கீர்த்திகாவும் இறங்கினார்கள்.

"மாமா எங்க அத்தை?"

"மெத்தைக்கு அடியில இருக்காக."

"வாங்க மாப்பிள்ளை!" என்றது மெத்தை.

ஸ்ரீராம்குமார் எங்கே பார்த்து வணங்குவது என்று தெரியாமல், கண்ணில் பட்ட இரு குதிகால்களை நோக்கிக் கைகூப்பினார். கீர்த்திகா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. குதிகாலுக்கு வணக்கம் வாங்கிய மாமனார் உண்டா இவ்வுலகில்! மானம் பொங்க, மதயானையெனப் பிளிறி, காலை மறந்து முட்டியாலும் முழங்கையாலும் மோவாயாலும் படிகளைப் பற்றி, தலையால் மெத்தையை முட்டித் தள்ளித் தள்ளி, வேட்டி ஒரு படியிலும் தோல் அடுத்த படியிலும் கிழிய, உச்சி சேர்ந்தான் உத்தமன்! மெத்தை அறையில் விழுந்தது. டவுசரோடு நின்று திசையெட்டும் நோக்கி முழங்கினான்: "சொன்னேன்லா! சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேன்லா!"

"காப்பாத்தினது போதும், எறங்குங்க. காப்பி ஆறுது" என்றாள் பஞ்சம்மாள்.

வேந்தன் கீழே நோக்கினான். ஒன்றுவிட்டு ஒன்று பிடுங்கிய பற்களோடு பாதாளம் வாய் பிளந்திருந்தது. திரும்பி நின்று பின்பக்கமாக இறங்கலாம்தான். ஆனால் வெடிக் கம்பெனியில் உடம்பு கற்ற முதல் பாடம், வெடித்தால் ஓடத் தோதாக எப்போதும் முகம் வாசலைப் பார்த்திருக்க வேண்டும் என்பது. முதுகு காட்ட மறுத்தது அவ்வுடம்பு. முகம் காட்டி இறங்கவோ தைலம் பூசிய முட்டி இடங்கொடுக்கவில்லை.

"எடது காலை வைங்க!" என்றாள் பஞ்சம்மாள். "எனக்கு எடதா, அவருக்கு எடதா?" என்று, யோசனை கேட்டு அழைத்த போனில் திருப்பிக் கேட்டான் பாண்டிமுருகன். "நான் மேல வரட்டா மாமா?" என்று படியருகே வந்த மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்து இழுத்தாள் பஞ்சம்மாள்: "வேணாம் மாப்பிள்ளை, நல்ல நாளும் அதுவுமா காலை ஒடிச்சுக்கிறாதீக."

"ஏணி கொண்டாரச் சொல்லட்டா அண்ணே?" என்றாள் கமருன்னிசா.

"ஏணி இந்தத் தெருவுக்குள்ள வந்துச்சு, நான் குதிச்சிருவேன்!" என்று சூளுரைத்தான் வெள்ளைத்துரை.

"அப்ப அச்சங்குளத்துக்கு ஒரு சேதி சொல்லிவிடுங்க பஞ்சம்மா. மோகினிக்குத் தொணைக்கு ஆள் கெடைச்சாச்சு" என்றாள் கமருன்னிசா.

அவ்வாறாக, படைகள் கலைய, பரிதி சாய, ஊரெங்கும் வெடி அதிர, வென்ற கோட்டைக்குள்ளேயே சிறைப்பட்ட வேந்தர்வேந்தன், தன் தோளால் தானே ஏற்றிய இலவம்பஞ்சு மெத்தையின் நட்டநடுவே, தன்னந்தனியே, தலைதீபாவளிக்குத் துயில் கொண்டான்.

மாப்பிள்ளையும் கீர்த்திகாவும் கீழே பாயில் படுத்தார்கள். காலையில் அவனுக்கு இட்லியை வாளியில் வைத்துக் கயிறு கட்டி மேலே அனுப்பினார்கள்.